தும்மல் சரி

காலை ஏழு ஐம்பத்திரண்டு, செம்பூர்.
பெண்கள் பெட்டியில்
கதவோரக் கம்பிக்கும் யாரோ ஒருத்தியின் முழங்கைக்கும் நடுவே
ஒரு முழம் இடம் கிடைத்தால் போதும்,
இளவரசியும் ஏறிக்கொள்வாள்.

காக்கி அட்டை போட்ட மூன்றாம் பாகம்,
எழுநூற்றுச் சொச்சம் பக்கம், செங்கல் கனம்.
'பரீட்சையா?' என்கிறாள் வைஷாலி, மராத்தியில்.
'இல்லை, முற்றுகை.'

சுனாபட்டியில் கோட்டைக் கதவைச் சாத்துகிறார்கள்.
வடாலாவில் தண்ணீர் தீர்கிறது.
சிவ்ரி எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டும்போது
தூதன் ஒருவன் ஓலையைத் தலைப்பாகைக்குள் செருகி
அகழியில் இறங்குகிறான்,
முதலை உண்டா என்று கேட்காமல்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்:
போர் வந்தால் பக்கம் தள்ளிவிடுவேன்.
யானைகள் மோதிக்கொள்ளட்டும்,
வென்றது யாரென்று அத்தியாயக் கடைசியில் சொல்லிவிடுவார்கள்.
எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய இரவு.
நனைந்த தோல் வாடை,
குதிரைக்குக் கொள்ளு ஊறப்போடுகிறவனின் முணுமுணுப்பு,
நாளை சாகப்போகிறவன்
இன்று கால் முள்ளை அத்தனை கவனமாகப் பிடுங்குவது.

முதல் பாகம், எண்பத்தாறாம் பக்கத்தில்
அரண்மனை மடைப்பள்ளியில் மிளகாய் வறுபடுகிறது.
தூணுக்குப் பின்னால் நிற்கும் ஒற்றன்
தும்மி மாட்டிக்கொள்கிறான்.

மிளகாய் கப்பலேறி வர
இன்னும் ஐந்நூறு வருஷம் கிடக்கிறதே ஐயா!
ஓரத்தில் எழுதப் பென்சிலை எடுத்தேன்.
எனக்கு முன்பே யாரோ எழுதியிருந்தார்கள்,
சாய்ந்த, சின்ன எழுத்தில்:
'மிளகு என வாசிக்கவும். தும்மல் சரி.'

அன்றிலிருந்து
கதையை ஒரு கண்ணும்
ஓரங்களை ஒரு கண்ணுமாகப் படிக்கிறேன்.

போன செவ்வாய், மூன்றாம் பாகம், இருநூற்றுப் பதினேழு.
கீழைக்கரைத் துறையில் குதிரைகள் இறங்குகின்றன.
சுங்கக் கணக்கன் ஒருவன், பெயரில்லை,
ஓலையில் கீறுகிறான்:
'ஏறியவை நூற்றுப் பன்னிரண்டு.
இறங்கியவை தொண்ணூற்றேழு.'
இளவரசியின் பல்லக்கு அவனைக் கடக்கிறது.
ஆசிரியர் பல்லக்கோடு போய்விட்டார்.

நான் போகவில்லை.

பல்லார்ட் எஸ்டேட்டில், கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில்
பதினாறு வருஷமாக நான் செய்வதும் அதுதான்.
ஏறியது இத்தனை. இறங்கியது இத்தனை.
இடையில் போனதற்கு யார் பொறுப்பு?
அந்தப் பதினைந்து குதிரைக்கு
அவன் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்?
கட்டுச்சோற்றை எப்போது பிரித்தான்?
எழுத்தாணி அழுத்திய தழும்பு எந்த விரலில்?
கடலில் தள்ளிய குதிரைகளை
ஓலையில் எந்த வினைச்சொல்லால் எழுதினான்?

வண்டி கடைசி நிலையத்துக்கு வந்து நின்றதும்,
என்னைத் தவிர எல்லோரும் இறங்கியதும்,
எதிர்த்திசைக் கூட்டம் ஏறியதும் தெரியாது.
மஸ்ஜித் பந்தரில் தலை நிமிர்ந்தேன்.
அங்கிருந்து நடை, வேர்வை, கைவண்டிகள், வெங்காய மூட்டை.

'ஏன் லேட்?' என்றார் தன்னா சேட்.
'சிக்னல் கோளாறு' என்றேன்.
வருகைப் பதிவேட்டில் அப்படியே எழுதினார்கள்.
நூறு வருஷம் கழித்து அதை எடுத்துப் படிப்பவர்
சிக்னலைத்தான் நம்புவார்.

அன்றிரவு இருநூற்றுப் பதினேழின் ஓரத்தில்
மெல்லிசாக எழுதினேன்:
'பதினைந்து குதிரைக்கு யார் பதில்?'
நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்பு.
தெரியும்.

சனிக்கிழமை, சயான், மாடியறை.
மூன்றாம் பாகத்தை நீட்டி நான்காவதைக் கேட்டேன்.
பேரேட்டைப் புரட்டினார் ஞானதிரவியம்.
'வெளியே போயிருக்கே. நேத்துதான்.'
'யார் எடுத்தது?'
'அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா.'
சொல்லிவிட்டு
மேசையில் கிடந்த பென்சில் துருவலை
உள்ளங்கையால் தட்டிவிட்டார்.
யாரோ இங்கேயே நின்று சீவியிருக்கிறார்கள்.

வரட்டும். அவசரமில்லை.
எந்தக் கோட்டையும் ஒரு வாரத்தில் விழுந்துவிடாது.